நைரோபியில் கதவும் காவலும்

"ஆப்பிரிக்காவில் வாழ்ந்தீர்களாமே! அங்கே அச்சமின்றி நடமாட முடிகிறதா?" தாய்நாடு திரும்பிய நாள்முதல் என்னைக் கண்டவர்களுள் பலர் கேட்ட கேள்வி இது. இதற்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது. ஆப்பிரிக்கா ஓர் ஊரன்று; ஐம்பத்து நான்கு நாடுகளைக் கொண்ட பெருங்கண்டம். கெய்ரோவின் தெருவைக் கண்டவர் லாகோஸின் தெருவைப்பற்றித் தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது. நான் வாழ்ந்து அறிந்த நகரம் ஒன்றே ஒன்று. அது கென்யா நாட்டின் தலைநகராகிய நைரோபி. 2009 முதல் 2015 வரை அங்கே ஒரு கல்லூரியில் கணிதம் கற்பித்தேன். அந்நகர மக்கள் வீட்டையும் தம்மையும் காத்துக்கொள்ளக் கையாளும் முறைகள் எவை, அவற்றின் காரணம் யாது, அவற்றைக் கற்றுக்கொள்ளும்போது நான் செய்த பிழை எது என்பவற்றையே இன்று சொல்ல விழைகிறேன். மாணவ நேயர்களே, படிப்பின் பொருட்டோ பணியின் பொருட்டோ உங்களுள் சிலர் நாளை அத்தகையதொரு நகருக்குச் செல்லக்கூடும். செல்லாதவர்களுக்கும் இச்செய்திகள் பயன்படும் என்பது என் நம்பிக்கை.

முதலில் அந்நகரம் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நைரோபி பழமையான ஊரன்று. மொம்பாசா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரியை நோக்கி ஆங்கிலேயர் இருப்புப்பாதை அமைத்தபோது, 1899-இல் இடைவழியில் ஒரு பணிமனையாகத் தோன்றியது. குளிர்ந்த நீர் என்று பொருள்படும் மாசாய் மொழித் தொடரே அதன் பெயராயிற்று. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால், நிலநடுக்கோட்டிற்கு மிக அண்மையில் இருந்தும், அங்கே வெயில் நம்மை வாட்டுவதில்லை. அப்பாதையை அமைக்க இந்தியாவிலிருந்து சுமார் 32,000 தொழிலாளர் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே மாண்டனர். நகரம் வளர்ந்தபோது ஆட்சியாளர் அதனை இனவாரியாகப் பிரித்தனர். மரங்கள் அடர்ந்த மேட்டுப் பகுதிகள் ஐரோப்பியருக்கு; பார்க்லண்ட்ஸ், ங்காரா போன்ற பகுதிகள் இந்தியருக்கு; கிழக்குச் சமவெளி ஆப்பிரிக்கருக்கு. 1963-இல் நாடு விடுதலை பெற்றது. சட்டத்தால் வகுத்த கோடுகள் அழிந்தன. ஆனால் செல்வத்தால் வகுத்த கோடுகள் எளிதில் அழியவில்லை. நீச்சற்குளமுடைய மாளிகையும், கிபேரா, மத்தாரே போன்ற தகரக் குடிசைப் பகுதிகளும் நடந்து செல்லும் தொலைவில் இருக்கின்றன. நைரோபியில் மதில்கள் ஏன் அத்துணை உயரம் என்ற வினாவிற்கு விடையின் பெரும்பகுதி இவ்வரலாற்றிலே உள்ளது.

இனி வீட்டிற்கு வருவோம். நாங்கள் பார்க்லண்ட்ஸ் பகுதியில், மூன்று குடும்பங்கள் குடியிருந்த ஒரே வளாகத்தில் வாழ்ந்தோம். அங்கு வீட்டுக்காவல் என்பது ஒரே பூட்டை நம்பி நிற்பதன்று. வெங்காயத்தின் தோல்போல் அடுக்கடுக்காக அமைவது. முதல் அடுக்கு வேலி. பழைய வீடுகளைச் சுற்றிக் 'கே ஆப்பிள்' என்னும் முட்செடியைக் காண்பீர்கள். தென்னாப்பிரிக்காவின் கே ஆற்றுப் பகுதியிலிருந்து பெயர் பெற்ற செடி அது. விரல்நீள முட்கள் நெருங்கி வளர்ந்து, ஆட்டுக்குட்டியும் நுழையாதபடி அடைத்துவிடும். நம் பழந்தமிழர் கோட்டையைச் சூழ முட்செடிகள் நிறைந்த காவற்காட்டை வளர்த்தனர் என்று படித்திருப்பீர்கள். அக்கருத்தை நான் கண்ணால் கண்டது நைரோபியில்தான். புதிய வீடுகளில் முள்வேலியின் இடத்தைக் கல்மதிலும் அதன்மேல் ஓடும் மின்கம்பியும் பிடித்துக்கொண்டன.

இரண்டாம் அடுக்கு வெளிச்சம். மூன்றாம் அடுக்கு நாய். நான்காவது சன்னற் கம்பிகளும் இரும்புக் கதவும். ஐந்தாவது, நம்மூர் வீடுகளில் காணாத ஒன்று: வீட்டிற்குள்ளேயே, கூடத்திற்கும் படுக்கையறைகளுக்கும் இடையில் ஓர் இரும்புக் கிராதிக் கதவு. இரவில் அதனைப் பூட்டிவிட்டால், கூடத்திற்குள் எவரேனும் புகுந்தாலும் உறங்குவோரை அணுக முடியாது. கட்டிலின் அருகே ஒரு பொத்தான் இருக்கும். அதனை அழுத்தினால் காவல் நிறுவனத்தின் வண்டி விரைந்து வரும்.

இவ்வடுக்குகளின் தத்துவம் என்ன? எந்தப் பூட்டும் திருடனை முற்றிலும் தடுத்துவிடாது. அவனைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. நாயும் விளக்கும் அவன் வருகையை அறிவிக்கும். பொத்தானும் அண்டை வீட்டாரும் உதவி கொணர்வர். தாமதம், அறிவிப்பு, உதவி ஆகிய இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை பயன்படா. ஒலி கேட்டு வருவார் இல்லையெனில் உரத்த மணியாற் பயன் யாது? ஓர் எச்சரிக்கையும் உண்டு. கள்வனைப் புகவிடாத கம்பி, தீப்பற்றினால் நம்மையும் வெளியேற விடாது. ஆதலின் கிராதியின் சாவி, வெளியிலிருந்து எட்டாததும் உள்ளிருப்போர் இருளிலும் தடவி எடுக்கக்கூடியதுமான ஓரிடத்தில் எப்போதும் தொங்கவேண்டும். வீட்டுக் குழந்தைகளும் அவ்விடத்தை அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்வடுக்குகளுக்கெல்லாம் உயிரளிப்பவர் வாயிற்காவலர். சுவாஹிலி மொழியில் அவரை 'அஸ்காரி' என்பர். படைவீரர் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லின் வழிவந்தது. பெரும்பாலோரிடம் துப்பாக்கி இல்லை. ஒரு தடி, ஓர் ஊதல், ஒரு கைவிளக்கு, ஒரு பதிவேடு: இவையே அவர்தம் படைக்கலங்கள். எங்கள் வளாகத்தின் இரவுக் காவலர் மேற்குக் கென்யாவைச் சேர்ந்த முதியவர். அவரை எல்லாரும் 'ம்ஸே' என்று அழைத்தோம். பெரியவர் என்று மரியாதையுடன் விளிக்கும் சொல் அது. யார் வந்தாலும் பெயர், வண்டியின் எண், வந்த நேரம், சென்ற நேரம் ஆகிய நான்கையும் பதிவேட்டில் எழுதுவித்தே உள்ளே விடுவார். என் நெருங்கிய நண்பர்களும் மழையில் நின்று கையொப்பமிட நேர்ந்தது. "இவர்கள் என் விருந்தினர், ம்ஸே" என்று ஒருநாள் சற்றுக் கடிந்தே கூறினேன். "உங்களுக்கு விருந்தினர், ஐயா, என் பதிவேட்டுக்கு விருந்தினர் என்று ஒருவரும் இல்லை" என்று அமைதியாக விடையளித்தார். எனக்கு எரிச்சலே மிகுந்தது.

அவ்வெரிச்சல் தீர்ந்த நாள் எனக்கு நன்கு நினைவிருக்கிறது. ஒரு மாலை எங்கள் தெருவில் மின்சாரம் நின்றுபோயிற்று. சிறிது நேரத்தில் சீருடை போன்ற உடையணிந்த இருவர் வாயிலில் தோன்றி, மின்சார நிறுவனத்திலிருந்து வருவதாகவும் உடனே உள்ளே சென்று மானியைப் பார்க்க வேண்டுமென்றும் கூறினர். இருட்டில் தவித்துக்கொண்டிருந்த நான், "கதவைத் திறங்கள்" என்றே சொன்னேன். பெரியவர் திறக்கவில்லை. கதவிலுள்ள சிறு சாளரத்தின் வழியே அவர்களுடைய பணி அட்டையைக் கேட்டார். "நிறுவனத்தில் விசாரித்துவிட்டுத் திறக்கிறேன், அதுவரை பொறுங்கள்" என்று சொல்லிச் சாளரத்தையும் சாத்தினார். அவர் விசாரித்து முடிப்பதற்குள் அவ்விருவரும் போய்விட்டனர். அவர்களை எவரும் அனுப்பவில்லை என்று பின்னர் அறிந்தோம். வந்தவர் சினங்கொள்வாரே என்று கூசிக் கதவைத் திறப்பவர்களையே இத்தகையோர் நாடுகின்றனர். முறையாக வந்த ஊழியர் இரண்டு நிமிடம் காத்திருக்கத் தயங்கமாட்டார். அன்றுமுதல் என் விருந்தினரை நானே பதிவேட்டின் அருகே அழைத்துச் செல்லலானேன்.

அடுத்துத் தெருவில் நடக்கும் முறையைப் பார்ப்போம். நிலநடுக்கோட்டை ஒட்டிய நகரமாதலால் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே அளவினவாக உள்ளன. மாலை ஆறேகால் மணிக்கும் ஆறேமுக்கால் மணிக்கும் இடையே கதிரவன் மறைவான், அந்திப்பொழுது நீடிப்பதில்லை, ஏழு மணிக்குள் இருள் கவிந்துவிடும். சுவாஹிலி மக்கள் நேரத்தைக் கணக்கிடுவதும் நம் முன்னோர் நாழிகை கணக்கிட்டதுபோல் விடியலிலிருந்தே. நமக்குக் காலை ஏழு மணி என்பது அவர்களுக்கு முதல் மணி. பகற்பொழுதின் பன்னிரண்டாம் மணி அடிக்குமுன் வீடு சேர்தல் நகரத்தாரின் வழக்கம். நானும் அதனையே கைக்கொண்டேன்.

நடக்கும்போது அணிகலன்களை வீட்டில் விட்டுச் செல்லவேண்டும். என் மனைவி தாலியை மஞ்சட் கயிற்றில் கோத்து ஆடைக்குள் மறைத்து அணிந்தாள். பொன்சங்கிலி பெட்டிக்குள் உறங்கிற்று. 'மட்டாட்டு' எனப்படும் சிறு பேருந்துகளில் பயணம் செய்வோர் பையை முதுகில் அன்றி மார்பின்மேல் மாட்டிக்கொள்வர். பணத்தைக் கையில் மிகுதியாக வைத்திருக்கும் தேவையை 2007-இல் தொடங்கிய 'எம்-பெசா' என்னும் தொலைபேசிப் பணமுறை பெரிதும் குறைத்துவிட்டது. கீரை விற்கும் மூதாட்டிக்கும் தொலைபேசி வழியாகவே காசு செலுத்தலாம். ஆயினும், பணமெல்லாம் தொலைபேசிக்குள் புகுந்தபின் திருடனின் கண்ணும் தொலைபேசியின்மேல் புகுந்தது. ஒரு வாயிலை அடைத்தால் திருட்டு மற்றொரு வாயிலைத் தேடும்.

காரில் செல்வோர் கதவுகளைப் பூட்டிக் கண்ணாடிகளை ஏற்றியே செல்லவேண்டும். வண்டியைப் பறிப்போர் பெரிதும் விரும்பும் இடம் நம் சொந்த வீட்டு வாயிலே என்றால் வியப்பீர்கள். காரணம் எளிது. அங்கேதான் வண்டி நிற்கிறது. 'வீடு வந்துவிட்டோம்' என்று மனம் தளர்கிறது. கண் கதவையே பார்க்கிறது. ஆதலின் கடைசித் திருப்பத்திலேயே பின்புறம் காட்டும் கண்ணாடியைப் பார்க்கவேண்டும். அறியாத வண்டி ஒன்று தொடர்வதாக ஐயம் எழுந்தால் வீட்டில் நில்லாமல் நேரே சென்று, மக்கள் நடமாட்டமுள்ள இடத்தில் நிறுத்தவேண்டும். மீறி ஒருவன் ஆயுதத்துடன் எதிரே நின்றால் வண்டியையும் பணத்தையும் கொடுத்துவிடுதலே அறிவுடைமை. திடுமென அசைதலும் முகத்தை உற்று நோக்குதலும் கூடா. பொருளை மீண்டும் ஈட்டலாம். உயிரை ஈட்ட முடியாது.

இவ்வறிவுரையைப் பிறர்க்குச் சொல்லிவந்த நானே ஒருநாள் தவறினேன். அத்தவற்றைச் சொல்லாமல் இப்பேச்சை முடிப்பது நேர்மையாகாது. ங்காராவில் போக்குவரத்து நெரிசலில் வண்டி நின்றிருந்தது. புழுக்கம் தாளாமல் கண்ணாடியை இறக்கியிருந்தேன். ஒரு கை உள்ளே நீண்டது. மடிமேல் இருந்த தொலைபேசி மறைந்தது. சினத்தில் நான் 'ம்விஸி! ம்விஸி!' என்று கூவிவிட்டேன். திருடன், திருடன் என்பது பொருள். அச்சொல்லின் ஆற்றலை நான் அறியேன். நொடிப்பொழுதில் கூட்டம் திரண்டது. பதினான்கு பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனைப் பிடித்துக் கீழே தள்ளிக் கல்லாலும் காலாலும் தாக்கத் தொடங்கினர். "இவன்தானே? சொல்லுங்கள்!" என்று என்னைக் கேட்டனர். நேயர்களே, நான் கண்டது ஒரு கையை மட்டுமே, முகத்தைக் காணவில்லை. அவனிடம் தொலைபேசியும் இல்லை. "தெரியவில்லை, விட்டுவிடுங்கள்" என்று கத்தினேன். என் முதற்குரலைக் கேட்டவர்களுக்கு என் இரண்டாம் குரல் கேட்கவில்லை.

அவனைக் காப்பாற்றியவள் தெருவோரம் காய்கறி விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. கூட்டத்தைப் பிளந்து சென்று, சிறுவனை மறைத்தபடி குனிந்து நின்று, "முதலில் என்னை அடியுங்கள்" என்றாள். தாயின் வயதுடையவளை அடிக்க எவர் கையும் எழவில்லை. அதற்குள் போக்குவரத்துக் காவலர் வந்து சேர்ந்தார். குருதி வடிந்த முகத்துடன் அச்சிறுவன் நடந்து சென்ற காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது. அவன் குற்றவாளியா அல்லனா என்பதை நான் இன்றுவரை அறியேன். தொலைபேசி கிடைக்கவில்லை, கிடைத்திருந்தாலும் அதனை மகிழ்ந்து கையில் எடுத்திருக்க மாட்டேன். காவல்துறையும் நீதிமன்றமும் தாமதிக்கும் என்று மக்கள் நம்பிக்கை இழந்த இடங்களில் கூட்டமே நீதிபதியாகிறது. அக்கூட்டம் தீர்ப்பையும் தண்டனையையும் ஒரே நிமிடத்தில் முடித்துவிடுகிறது. சிலர் உயிரிழந்ததும் உண்டு. திருட்டுப் போனால் கூவாதீர்கள். அருகிலுள்ள காவல் நிலையத்திற்குச் செல்லுங்கள். தொலைபேசி எண்ணை முடக்கச் செய்யுங்கள். நம்மைக் காத்துக்கொள்ளும் முறை பிறர் உயிரைப் பறிக்கும் முறையாகிவிடலாகாது.

நகரத்தை உலுக்கிய பெரிய கொடுமைகளும் உண்டு. 1998 ஆகஸ்டு 7-ஆம் நாள் அமெரிக்கத் தூதரகத்தருகே வெடித்த குண்டு இருநூறுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. நான் அங்கிருந்த காலத்தில், 2013 செப்டம்பர் 21-ஆம் நாள், வெஸ்ட்கேட் அங்காடியில் நடந்த தாக்குதலில் 67 பேர் உயிரிழந்தனர். கொன்றவர்கள் ஒரு கொள்கையின் பெயரைச் சொன்னார்கள்; இறந்தவர்களோ பல நாட்டினர், பல சமயத்தினர். அதன்பின் அங்காடிகளின் வாயிலில் வண்டியின் அடிப்புறத்தைக் கண்ணாடி கொண்டு பார்ப்பதும், பையைத் திறந்து சோதிப்பதும் மேலும் கடுமையாயின. புதிய இடத்திற்குச் சென்றதும் வெளியேறும் வழிகள் எவையென நோக்கிக்கொள்ளும் பழக்கம் எனக்கு அன்று உண்டாயிற்று, இன்றும் நீங்கவில்லை. அக்காலத்தில் அரசு 'ஞும்பா கூமி' என்னும் திட்டத்தையும் முன்வைத்தது. பத்து வீடு என்பது அதன் பொருள். பத்து வீட்டார் ஒருவரையொருவர் அறிந்து, கூடிப் பேசி, காவல்துறையுடன் தொடர்பு கொள்ளவேண்டும் என்பது நோக்கம். சில இடங்களில் அது வேரூன்றிற்று. சில இடங்களில் பெயரளவில் நின்றது. எங்கள் வளாகத்தில் அதற்கு உயிர் வந்த வழி வேறு.

ஒரு மாத முடிவில் எங்கள் பெரியவர் இரவுப் பணிக்கு வரவில்லை. மறுநாள் தலையில் கட்டுடன் வந்தார். நாங்கள் மூன்று குடும்பத்தாரும் சேர்ந்து ரொக்கமாகக் கொடுத்த மாதச் சம்பளத்துடன் விடியற்காலை ஆறு மணிக்குப் புறப்பட்டிருக்கிறார். அவ்வேளையில் அங்கே பொழுது முழுதும் புலர்ந்திராது. பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்த நடந்தே சென்றவரை வழியில் மூவர் அடித்துப் பணத்தைப் பறித்துக்கொண்டனர். எங்கள் ஐந்து அடுக்குக் காவலுக்குள் நாங்கள் உறங்கினோம். அக்காவலைத் தாங்கி நின்றவருக்கு ஓர் அடுக்கும் இல்லை. சம்பளம் கொடுத்த நாளையும், அவர் வீடு திரும்பும் நேரத்தையும், கையில் ரொக்கம் இருக்கும் என்பதையும் திருடர் அறிந்திருந்தனர். இம்மூன்றையும் வகுத்தவர்கள் நாங்கள்தாம்.

அன்று மாலை மூன்று குடும்பத்தாரும் முதன்முறையாகக் கூடிப் பேசினோம். பறிபோன பணத்தைப் பங்கிட்டு ஈடுசெய்தோம். சம்பளம் இனித் தொலைபேசி வழியே செல்லும் என்று முடிவு செய்தோம். இரவுக் காவலர் நன்றாகப் பொழுது விடிந்தபின், ஏழு மணிக்குப் போகலாம். பகற்காவலர் வெளிச்சம் இருக்கும்போதே, ஐந்தரை மணிக்கு வீடு திரும்பலாம். இரவுக் காவலர் வந்துசேரும் வரையிலான சுமார் ஒரு மணி நேரத்திற்கு வாயிலை யார் காப்பது? நாங்களே முறைவைத்துக் காப்பது என்று தீர்மானித்தோம்.

அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பள்ளிக்கூடமாயிற்று. மூன்றாண்டுகள் காரில் கடந்த தெருவை அப்போதுதான் பார்த்தேன். சோளக்கதிர் சுடுபவர், செருப்புத் தைப்பவர், எதிர்வீட்டு ஓட்டுநர், கீரைக்காரப் பெண்மணி ஆகியோர் அனைவரும் என் பெயரைக் கேட்டனர். நான் அவர்கள் பெயரைக் கேட்டேன். அறியாத வண்டி ஒன்று இருமுறை தெருவைச் சுற்றினால், மின்கம்பி அறிவதற்குமுன் சோளக்காரர் எனக்குச் சொல்லிவிடுவார். அவர் பிள்ளைக்குப் பள்ளிக் கணக்கு விளங்காதபோது வாயிலருகே அமர்ந்து நான் சொல்லிக்கொடுத்தேன். மதிலின் உயரத்தை நாங்கள் குறைத்துவிடவில்லை, பூட்டையும் நீக்கவில்லை. அவை வேண்டியவையே. ஆனால் அம்மதிலுக்கு வெளியே நமக்கு அறிமுகமானவர் இருத்தல் அதனினும் வேண்டியது என்பதைத் தெரிந்துகொண்டோம்.

2015-இல் நாடு திரும்பிய நாளன்று பெட்டிகளை வண்டியில் ஏற்றி முடித்தேன். பெரியவர் பதிவேட்டை எடுத்து வந்து என் முன் விரித்தார். "ஆறு ஆண்டுகளாக நான் இதில் எழுதியதில்லையே, ம்ஸே" என்றேன். "இதுவரை நீங்கள் வீட்டுக்காரர், ஐயா; இனி வந்தால் விருந்தினர்" என்று சொல்லிப் பேனாவை நீட்டினார். பெயரையும் வண்டியின் எண்ணையும் எழுதினேன். புறப்பட்ட நேரத்தை அவரே தம் கையால் குறித்துக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டார்.